மரத்தை நம்பி உண்டான தீவு ஊர்

கேள்வி: எங்கோ ஒரு தீவில், மரம் வெட்டும் தொழிலை நம்பி வளர்ந்த கடலோரக் கிராமத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

போயிருக்கிறேன். நடு அந்தமான் பக்கத்தில் இருக்கும் லாங் ஐலண்ட்.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) முப்பது வருஷம் மரமில்லில் வேலை பார்த்தவர். ஆனைமலைத் தேக்கைச் சரிவில் உருட்டிவிட்டதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பேரே வந்தது என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தமானுக்கு டிக்கெட் போட்டதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க படாக்குனு ஒரு மரம் இருக்குதாம் கண்ணு. தொட்டுப் பாத்துட்டு வா."

கோவையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள்). அங்கே சாத்தம் மர ஆலையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 1883இல் தொடங்கியது. 1942இல் ஜப்பான்காரர்கள் போட்ட குண்டு விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறிய மரத்தூள் வாசம், அப்பிச்சி சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டையில் வரும் அதே வாசம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

லாங் ஐலண்டுக்கு அரசுப் படகுதான். ரங்கத் பக்கம் எராட்டா ஜெட்டியிலிருந்தும் போகலாம். இறங்கியதும் முதலில் தெரிவது அமைதி. கார், பஸ் இரைச்சல் இல்லை, எல்லாம் நடைதான். பலகைச் சுவர் வைத்த பழைய வீடுகள், வாசலில் பாக்கு மரம், பின்னால் உடனே காடு. ஒரு பிளைவுட் ஆலையை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆலை இப்போது இல்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டக் கடுமையான கட்டுப்பாடு போட்டு, தீவை விட்டு வெளியே மரம் அனுப்பவும் தடை விதித்தது. காட்டுக்கு அது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கைத்தொழில் தெரிந்த அத்தனை பேர் சும்மா உட்கார வேண்டி வந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்காரச் சொன்னார். மரவேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த குடும்பம். என் அரைகுறை இந்தியில் படாக்கைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துத் திண்ணைத் தூணில் வைத்தார். வெளியே வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. கீழே சிராய் பெயர்ந்த இடத்தில் மட்டும் ரத்தச் சிவப்பு. எங்கள் மலையில் வளர்கிற வேங்கைக்குப் படாக்கு பங்காளி, ஒரே பேரினம். தொட்டதும் அந்தக் கனமும் குளுமையும் பழகியதாகவே இருந்தது.

அப்புறம் யானைக் கதை சொன்னார். கட்டையை யானை கரைக்கு இழுத்து வரும், தெப்பமாகக் கட்டிக் கடலில் இழுத்துப் போவார்கள். வேலைக்காக யானைகளே தீவு விட்டுத் தீவு நீந்திப் போகுமாம். கோழிகமுத்தி முகாமில் யானை குளிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடலில் நீந்தும் யானையை நினைத்துப் பார்க்கவே சிலிர்த்தது.

எல்லாரும் சொல்லும் லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டு வழியாக நடந்தோ டுங்கி என்ற சின்னப் படகிலோ போகலாம். அழகான இடம்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். இரண்டு ராத்திரியாவது தங்குங்கள், இல்லாவிட்டால் ஊர்க்காரர்களிடம் பேச நேரம் கிடைக்காது.

திரும்பி வந்து அப்பிச்சியிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தார். வேங்கைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் வெளிச்சத்தில் நீலம் ஓடும், எங்கள் வீட்டு வேங்கை டம்ளரில் தினமும் பார்ப்பதுதான். "இதுலயும் நீலம் ஓடுமா? தண்ணி ஊத்திப் பாத்தியா சாமி?" என்றார். பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை போக வேண்டும்.