எலுமிச்சையைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஒரு வருடமாக இரண்டு கன்னங்களிலும் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. நெற்றியில் பொடிப் பருக்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்க்கிறேன். தினமும் மஞ்சள் பூசுகிறேன். தோழி சொன்ன ஒரு கிரீமைப் பூசியதில் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் எரிகிறது. இரண்டு மாதத்தில் தங்கைக்குத் திருமணம். மேக்கப் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடுகிறது. வீட்டிலேயே என்ன செய்துகொள்ளலாம்?

பதில்: நீங்கள் மேக்கப்பில் முடித்திருக்கிறீர்கள்; நான் அந்தக் கிரீமில் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்ற எல்லாம் கொஞ்சம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்த கிரீம் என்றால் முதல் சந்தேகம் ஸ்டீராய்டு மீதுதான். அது தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும். முகம் உடனே வெளிறி வழவழப்பாகத் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், ரத்தக் குழாய்கள் சிவப்பு இழைகளாக வெளியே தெரியும், பருக்கள் கூட்டமாகக் கிளம்பும், சிலருக்குக் கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள், அடங்கும், அடங்குவதால் நல்ல கிரீம் என்று நம்புவார்கள். நீங்கள் இப்போது இந்தச் சுழலில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

டியூபையும் அட்டைப் பெட்டியையும் எடுத்துப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுசினலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது அழகு சாதனம் அல்ல, மருந்து. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் முகத்துக்கு ஒரு கிரீம் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் இதையே எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் சேர்மானப் பட்டியலே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் கலப்பதுண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகப் பாதிப்பு வந்தபோது, மருத்துவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்த பொதுவான காரணம் இத்தகைய கிரீம்தான்.

ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கலாம். அதனால் இந்த வாரமே டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். தனியார் கட்டணம் கையைக் கடிக்கும் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூச்சப்பட வேண்டாம், அங்கே வருபவர்களில் உங்களைப் போன்றவர்கள் நிறைய.

அடுத்தது எலுமிச்சை. நம்முடைய பழுப்புத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. சூடு பட்டாலும், கீறினாலும், பரு வந்தாலும், காரமான எதையாவது பூசினாலும், அந்த இடத்தில் மெலனின் என்ற நிறமி அதிகமாகச் சுரந்து கறுத்துவிடும். காயம் ஒரு வாரத்தில் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே முகத்தில் எரிச்சல் தருவது எதுவாக இருந்தாலும் அது நிறத்தைக் குறைக்காது, கூட்டும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நம் வீடுகளில் சொல்வது நேர் எதிரான தவறு.

ஆரோக்கியமான தோலின் அமில அளவு, அதாவது பிஎச், சுமார் 5. இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறத்தாழ 2. சமையல் சோடா 8க்கும் மேலே. இரண்டையும் கலந்தால் பொங்குகிறது. அந்தப் பொங்கலைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறோம். கரியமில வாயு வெளியேறுகிறது, அவ்வளவுதான். எது அதிகமாகப் போட்டீர்களோ அது மிஞ்சும், கரையாத சோடாத் துகள்கள் தோலைச் சுரண்டும். இன்னொன்றும் உண்டு. எலுமிச்சை வகைகளில் ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளம் வரலாம், பிறகு அந்த வடிவத்திலேயே கறுக்கும். ரசத்துக்கு எலுமிச்சை போதும்.

கன்னத்துத் திட்டுகளை நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் அது மங்கு. வெயில், ஹார்மோன் மாற்றம், பரம்பரை மூன்றும் சேர்ந்து வருவது. கர்ப்பகாலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் தலைகாட்டும். நீங்கள் அந்த மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தலைக்குச் சாயம் பூசும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சாயத்தின் ஒவ்வாமையும் நெற்றியோரத்திலும் கன்னத்திலும் இப்படிக் கறுப்பை உண்டாக்கும். மங்கு தோலின் மேலே படிந்த அழுக்கு அல்ல. நிறமி உள்ளே இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது வராது, தோல்தான் வரும்.

மஞ்சளை நான் விரோதியாகப் பார்க்கவில்லை. பயத்தம் மாவில் ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள் கலந்து, தண்ணீரோ பாலோ விட்டுக் குழைத்து, வாரம் ஒரு நாள் பூசி, காயும் முன்பே கழுவிவிடுவதில் பெரிய கெடுதல் இல்லை. உங்களுக்கு மட்டும் இப்போதைக்கு அதுவும் வேண்டாம், எரிச்சல் அடங்கட்டும். பிறகும் காய்ந்து இறுகியதைத் தேய்த்து உதிர்க்காதீர்கள். மஞ்சள் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நெற்றிப் பருவுக்குக் காரணம் பல நேரம் தலையில்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வெயிலில் ஹெல்மெட் மாட்டினால், எண்ணெயும் வியர்வையும் நெற்றிக்கு இறங்கித் துவாரங்களை அடைக்கும். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவைத்துப் போடுங்கள். பருவைக் கிள்ளக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி தினசரி வேலை. காலையில் சோப்பு வேண்டாம்; குளியல் சோப்புகளின் பிஎச் 9, 10 வரை போகும். நறுமணம் இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் கொஞ்சம் எடுத்துக் கழுவி, துண்டால் ஒற்றியெடுங்கள். ஈரம் முழுதாகக் காயும் முன் மாய்ஸ்சரைசர். அதன் மேல் சன்ஸ்கிரீன். மங்குக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வைத்தியம் இந்தச் சன்ஸ்கிரீன்தான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

எஸ்பிஎஃப் என்பது தோலைச் சுடும் புறஊதா பி கதிருக்கான எண். 30 போட்டால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், ஆகவே எண்ணைத் துரத்த வேண்டாம், அளவைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். நம்மில் பலர் பட்டாணி அளவு தடவிக்கொண்டு, பலன் இல்லை என்று பாட்டிலைக் குறை சொல்கிறோம். புறஊதா ஏ கதிர் கண்ணாடி ஜன்னலையும் தாண்டி வரும், அதற்கு பி.ஏ. என்ற குறியும் அதன் பக்கத்தில் கூட்டல் அடையாளங்களும் பாருங்கள், குறைந்தது மூன்று கூட்டல் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட மங்குத் திட்டைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் உங்களுக்குப் பொருத்தம். வெள்ளைச் சன்ஸ்கிரீன் போல முகத்தில் மாவாக நிற்காது என்பது கூடுதல் லாபம்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே பூசுங்கள். மாலையில் வெயில் இருக்கும்போதே திரும்புபவராக இருந்தால், முகத்தைக் கழுவி மறுபடி பூசிவிட்டு வண்டியை எடுங்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றுவதும் நல்லதுதான், ஆனால் அது சன்ஸ்கிரீனுக்குப் பதில் ஆகாது.

இரவில் மேக்கப்பையும் தூசியையும் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும். நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் போன்றவை மங்குக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் தோலில் இப்போது புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். மருத்துவர் சொல்லும்போது தொடங்கலாம். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இரண்டு மாதத்தில் மங்கு மறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்தால் அந்தக் கிரீமை விற்றவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. எரிச்சல் அடங்கினாலே, திருமணத்துக்கு மேக்கப் ஒழுங்காக உட்காரும்.

சாம்பல் பூக்கும் விஷயத்துக்கு வருவோம். காரணம் அநேகமாக ஃபவுண்டேஷன் உங்கள் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளுப்பாக இருப்பது. பழுப்புத் தோலின் மேல் வெளிர் நிறத்தை ஏற்றினால் சாம்பல்தான் வரும். கடையில் புறங்கையில் தடவிக் காட்டுவார்கள். அந்த இடத்தின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரத்தில், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில், மூன்று நிறங்களைக் கோடாகத் தடவிக்கொண்டு கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டு நிறம் மாறும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. மஞ்சள் சாயல் உள்ளவை நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும், ரோஜாச் சாயல் உள்ளவை பொருந்துவது குறைவு.

மங்குத் திட்டை மறைக்க ஃபவுண்டேஷனைக் கனமாக அப்புவது இன்னொரு காரணம். அதற்குப் பதிலாக, திட்டின் மேல் மட்டும் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரை விரல் நுனியால் ஒற்றுங்கள். கறுப்பில் உள்ள நீலச் சாயலை அது அடித்துவிடும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கும் இதே வழிதான். அதன் மேல் மெல்லிய ஃபவுண்டேஷன் போதும். பவுடரை நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் ஒற்றுங்கள். முகம் முழுவதும் அடித்தால் வியர்வையோடு சேர்ந்து திட்டாகும். மண்டபத்தில் வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், பவுடரை மேலும் மேலும் போடாதீர்கள். புகைப்பட வெளிச்சத்தில் முகம் வெள்ளையாகத் தெரிவதும் பெரும்பாலும் பவுடரின் வேலைதான். வீட்டிலேயே ஒரு நாள் முழு மேக்கப் போட்டு, கைபேசி ஃபிளாஷில் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பார்லரில் திருமணத்துக்கு முன் பிளீச், ஃபேஷியல் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகச் சொல்வார்கள். உங்கள் தோல் இருக்கும் நிலையில் இரண்டும் வேண்டாம். பிளீச் முகத்து ரோமத்தை வெளுக்கச் செய்யும். மங்குக்கு அது மேலும் ஒரு சூடு. புருவம் திருத்துவது மட்டும் போதும், அதையும் இரண்டு மூன்று நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். மேக்கப் போட ஆள் வைத்தால் மஸ்காரா, கண் மை, உதட்டுச் சாயம் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரே குச்சியைப் பல கண்களில் வைப்பதால் தொற்று பரவும். மஸ்காரா திறந்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அன்று இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெயை விரல்களால் முகத்தில் தடவி, மேக்கப் இளகியதும் பஞ்சால் துடைத்து, உடனே ஃபேஸ்வாஷால் கழுவிவிடுங்கள். பருவுள்ள முகத்தில் அந்த எண்ணெய் இரவு முழுவதும் தங்கக் கூடாது.