சிரிக்க வைப்பவள் என்ற முத்திரை

கேள்வி: என் மகள் லண்டனில் நடிப்புப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எந்த நாடகம் போட்டாலும் அவளுக்கு நகைச்சுவை வேடம்தான். இப்படியே முத்திரை குத்திவிடுவார்கள் என்று அழுகிறாள். அடுத்த வேடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாளாம். நான் என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரி, வேடத்தை அவள் விடக்கூடாது. அவள் இருக்கும் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு: நடிகை பட்ரீசியா ரூட்லெட்ஜ்.

'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், தன்னைப் பெரிய இடத்துப் பெண்ணாகக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் ஹயசிந்தாக வந்தாரே, அவர்தான். 1990இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 61. அதற்கு முன் ஏறக்குறைய நாற்பது வருட மேடை அனுபவம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், பிரிஸ்டல் ஓல்ட் விக்கில் நடிப்புப் பயிற்சி, அப்புறம் முறையாகக் கற்ற பாட்டு. 1968இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஓர் இசை நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை வாங்கினார். அந்த இசை நாடகம் என்னவோ ஒரு மாதம்தான் ஓடியது!

ஹயசிந்த் பாடும் காட்சிகளை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு எம்மெட் இசை நாடகம் போடுபவர். அவர் கண்ணில் பட்டால் வேடம் கிடைக்கும் என்று, அவரைப் பார்த்ததும் ஹயசிந்த் வாசலில் நின்று உரக்கப் பாடுவார். சுருதி இம்மி இம்மியாக விலகும். மனிதர் தலைதெறிக்க ஓடுவார். சுருதி சுத்தமாகப் பாடத் தெரிந்த ஒருவர், எந்த இடத்தில் எவ்வளவு பிசக வேண்டும் என்று கணக்காகப் பிசகுகிறார். முகத்திலோ துளி சிரிப்பு இல்லை. தான் அற்புதமாகப் பாடுவதாகவே ஹயசிந்த் நம்புகிறாள். நமக்குச் சிரிப்பு வருவதே அந்த நம்பிக்கையால்தான். இதை இலேசான வேடம் என்று யார் சொல்ல முடியும்?

முத்திரை பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் ரூட்லெட்ஜ் ஒரே மாதிரி வேடத்தோடு நிற்கவில்லை. 1984இல் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் சாபமிடும் மார்கரெட் ராணி. 1988இல் ஆலன் பென்னட் எழுதிய 'டாக்கிங் ஹெட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தனிநடிப்புத் தொடரில், ஊரில் எல்லோரையும் குறைசொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கும் தனிமைப் பெண். கேமரா முன் தனியாக உட்கார்ந்து பேசுவது மட்டும்தான். முதலில் சிரிப்போம், போகப் போகத் தொண்டை அடைக்கும். அந்தப் பெண் கடைசியில் சிறைக்குப் போகிறாள், அங்கேதான் முதல்முறையாகச் சந்தோஷமாக இருக்கிறாள்.

ஹயசிந்தையும் 1995இல், தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அவராகவே போதும் என்று முடித்துக்கொண்டார். அடுத்த வருடமே இன்னொரு தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் ஹெட்டி வெயின்த்ராப்பாகத் திரும்பி வந்தார். 2025 அக்டோபரில் 96 வயதில் மறைந்தார்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: கிடைத்த வேடத்தை முழு மனதோடு செய்யட்டும். கூடவே, கனமான தனிநடிப்பு ஒன்றைத் தானே தயார் செய்து ஆசிரியரிடம் நடித்துக் காட்டட்டும். கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். பாட்டு வகுப்பு இருந்தால் அதையும் விட வேண்டாம்.