பழைய பிக்கப்பில் ஏசி பேனலை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என் பிக்கப் வண்டிக்கு 20 வயதுக்கு மேல் ஆகிறது. இன்ஜினில் குறை இல்லை, ஏசியில்தான் இரண்டு தொந்தரவு. குமிழை 4-இல் வைத்தால் மட்டும் காற்று வருகிறது. 1, 2, 3-இல் மூச்சே இல்லை. அப்புறம், சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றினால் டாஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் காற்றின் சூடு மாறுவதில்லை. கன்ட்ரோல் பேனல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். புதியது கிடைக்கவில்லை. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பேனல் ஒன்று இருக்கிறது. வாங்கினால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொல்கிற இரண்டு கோளாறுக்கும் பேனல் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

முதலில் காற்று. குமிழ் வைத்த ஏசியில் காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டாருக்குப் போகும் மின்சாரம், குறைந்த வேகங்களில் ஒரு ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைக்கும் தடை) வழியாகப் போகிறது. அதிக வேகத்தில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போய்விடுகிறது. ஆகவே 4 மட்டும் வேலை செய்கிறது என்றால், மோட்டார் ஓடுகிறது, ஃப்யூஸும் போகவில்லை, ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பேனலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. பல வண்டிகளில் இரண்டு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

பல வண்டிகளில் அது க்ளவ் பாக்ஸுக்குக் கீழே, ப்ளோயருக்குப் பக்கத்தில் காற்றுப் பாதையிலேயே செருகியிருக்கும். சூடாகிற பொருள் என்பதால் ப்ளோயர் காற்றே அதைக் குளிர வைக்கும்படி அங்கே வைத்திருக்கிறார்கள். சாவியை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் வெள்ளைக் கனெக்டரின் ஒரு மூலை மட்டும் தேன் நிறத்தில் கருகி, அந்த ஓட்டை உருகிக் கோணலாகியிருந்தது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தளர்ந்த முனையே புதியதையும் சீக்கிரம் எரித்துவிட்டது. கனெக்டரில் கருகல் தெரிந்தால் அதையும் ஒயரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ரெசிஸ்டர் முனைகளுக்கு நடுவே ஓம் அளந்து பார்க்கலாம். நல்ல ரெசிஸ்டரில் மதிப்பு சில ஓம்களுக்குள்தான் இருக்கும். மீட்டர் ‘எல்லை தாண்டியது’ (OL அல்லது 1) என்று காட்டினால் உள்ளே கம்பியோ வெப்ப ஃப்யூஸோ அறுந்துவிட்டது.

ரெசிஸ்டர் ஏன் எரிந்தது என்பதையும் விடாமல் பாருங்கள். பழைய பிக்கப்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. காய்ந்த இலை, எலி இழுத்துவந்த பஞ்சு எல்லாம் ப்ளோயர் கூண்டுக்குள் சேர்ந்து காற்றை அடைத்துவிடும். மோட்டாரின் பேரிங் தேய்ந்து இறுகினாலும் அது அதிக மின்சாரம் இழுக்கும். கையால் சுற்றினால் கூண்டு தடையில்லாமல் உருள வேண்டும். கரகரவென்று நின்றால், மோட்டாரை மாற்றாமல் புது ரெசிஸ்டர் போடுவது வீண்.

இரண்டாவது, ‘டக் டக்’. சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவை ஒரு சின்ன மோட்டார் திருப்புகிறது, ஆக்சுவேட்டர் என்பார்கள். அதனுள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம். வருடக்கணக்கான சூட்டில் ஒரு பல் உடைந்தால், சக்கரம் அந்த இடத்தில் வழுக்கி வழுக்கி இந்தச் சத்தம் போடும். நீங்கள் குமிழைத் திருப்பும்போது சத்தம் வருகிறது என்றால், பேனலின் கட்டளை மோட்டாருக்குப் போய்ச் சேருகிறது என்றுதான் பொருள். ஒருவர் குமிழைத் திருப்ப, இன்னொருவர் ஆக்சுவேட்டரின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். துடிப்பு விரலில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். புதியதை மாட்டுவதற்கு முன் கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கதவே சிக்கியிருந்தால் புதுப் பற்சக்கரமும் உடையும். மாட்டிய பிறகு சில வண்டிகளில், கதவு எதுவரை திரும்பும் என்ற அளவைப் புது ஆக்சுவேட்டருக்குப் பழக்க வேண்டியிருக்கும். அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் முறை இருக்கும். டாஷ்போர்டைப் பெரிதாகக் கழற்ற வேண்டி வந்தால் ஏர்பேக் இருக்கிற வண்டியில் பேட்டரியை முதலில் துண்டித்து, அந்தப் புத்தகம் சொல்கிற நேரம் காத்திருங்கள்.

எப்போது பேனலைச் சந்தேகிக்கலாம்? விளக்கே எரியாமல் மொத்தமும் செத்திருந்தால், பேனலுக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வருவதை அளந்து உறுதி செய்த பிறகு. அல்லது, தட்டினால் வேலை செய்கிறது, வண்டி சூடானதும் நின்றுபோகிறது என்றால். அப்போதும் பல நேரம் உள்ளே போர்டில் ஈயப் பற்று வெடித்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்தவர் மறுபடி ஈயம் வைத்தால் போதும்.

கடைசியில் பேனல்தான் வேண்டும் என்று தெரிந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் பாகம் எண்ணை உங்கள் பேனலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிளக் பொருந்துகிறது என்பது போதாது. குமிழ் ஏசிக்கும் தானியங்கி ஏசிக்கும், பின்கண்ணாடி ஹீட்டர் பொத்தான் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ளே வயரிங் வேறு. முனைகளில் பச்சைப் பூப்பு, கருகல், முறுக்கிக் கோணலான மூடி இருந்தால் வேண்டாம். உங்கள் வண்டியில் செருகி ஓட்டிப் பார்த்த பிறகே பணம் என்று கேளுங்கள். மெக்கானிக்கிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எதை அளந்து பார்த்து பேனல் என்று சொன்னீர்கள்?” அளந்து பார்த்தவர் கோபப்படாமல் காட்டுவார்.

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் பிக்கப். மேடு ஏறும்போது முகத்துக்கு வரும் காற்று நின்று முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. சமதளம் வந்தால் தானாகத் திரும்புகிறது. இது பேனலா?

பதில்: இல்லை, வேக்யூம் கசிவு. உங்கள் வண்டியில் காற்றின் திசையை மாற்றும் கதவுகளை இன்ஜினின் உறிஞ்சும் விசை இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்த விசை குறையும். அப்போது ஈடுகொடுக்க ஒரு சேமிப்புக் குடுவையும் ஒருவழி வால்வும் உண்டு. குழாய் வெடித்தோ வால்வு கெட்டோ போனால், இழுப்பு இல்லாத கதவை ஸ்பிரிங் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். எது கெட்டாலும் கண்ணாடியின் ஆவியை நீக்க வழி இருக்கட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. பேட்டரிக்கு அருகே ஓடும் மெல்லிய குழாயை வளைத்துப் பாருங்கள். காய்ந்த குச்சிபோல் முறிந்தால் அதுதான் குற்றவாளி. வால்வைக் கழற்றி ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

கேள்வி: ஏசி விளக்கு எரிகிறது, ஆனால் குளிர் இல்லை. வருடா வருடம் கேஸ் நிரப்புகிறேன். பேனல் கட்டளை கொடுக்கவில்லை என்கிறார்கள்.

பதில்: கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. வருடா வருடம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அழுத்தம் குறைந்தால் ஒரு சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் தடுக்கும், அது கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான். பேனல் விளக்கு எரிந்தாலும் குளிர் வராது. பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் தாளில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். 1990-களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-12, அதற்குப் பிந்திய பலவற்றில் ஆர்-134ஏ. இரண்டுக்கும் கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு, கலக்கவே கூடாது. கசிவு எங்கே என்று சாயம் விட்டோ நைட்ரஜன் அழுத்தம் வைத்தோ காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தைச் சரிசெய்த பிறகு, மிஷினில் எடை போட்டு நிரப்பினால் போதும்.