பேக்மேன் தவளைக்கு எந்தப் பூச்சி போடலாம், வீட்டில் எப்படி வளர்ப்பது?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். என் பேக்மேன் தவளைக்கு (அகன்ற வாயுள்ள தென் அமெரிக்க வளர்ப்புத் தவளை) பத்து மாதம், உள்ளங்கை அளவு வந்துவிட்டது. கொளத்தூர் மீன் கடைகளில் சூப்பர்வோர்ம் (ஒரு வகை வண்டின் பெரிய புழு) வாங்கிப் போடுகிறேன், யாரோ சொன்னதால் வாரம் ஒரு எலிக்குஞ்சும் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அலைய முடியவில்லை. வீட்டிலேயே பூச்சி வளர்க்கலாம் என்றால், கரப்பான் என்ற பேச்சை எடுத்தாலே அம்மா வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வாரா வாரம் எலிக்குஞ்சு கொடுப்பதை நிறுத்துங்கள். இந்தத் தவளை நாள் முழுக்க மண்ணில் புதைந்து அசையாமல் கிடக்கிற பிராணி, அதற்கு அவ்வளவு கொழுப்பு தேவையே இல்லை. தொடர்ந்து கொடுத்தால் உடம்பு ஊதும், கண்ணில் வெண்படலமும் படியலாம். சூப்பர்வோர்மும் கொழுப்புதான், எப்போதாவது ஒன்றிரண்டு போடலாம், அதையே சாப்பாடாக வைக்கக் கூடாது.

அம்மா வேண்டாம் என்கிறார் என்று தெரிந்தும் நான் சிபாரிசு செய்வது கரப்பானைத்தான், ஆனால் அடுக்களையில் ஓடுகிற ஜாதி இல்லை. டூபியா என்று தென் அமெரிக்காவில் இருந்து வந்த ஒன்று, பெட் வளர்ப்பவர்களிடம் கிடைக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் அதற்கு ஏறத் தெரியாது, பெட்டியை ஒழுங்காக வைத்திருந்தால் நாற்றமும் பெரிதாக இருக்காது, சத்தமும் போடாது. சுவர்க்கோழி வளர்த்துப் பாருங்கள், ஒரே வாரத்தில் அம்மா டூபியாவே பரவாயில்லை என்பார்: ராத்திரி முழுக்க ரீங்காரம், செத்தால் தாங்க முடியாத வாடை, தின்னாமல் விட்டது தவளையையே கடிக்கும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

சரி, எத்தனை வேண்டும்? வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு வேளை, வேளைக்கு நாலைந்து பெரிய டூபியா என்றால் மாதத்துக்கு நாற்பது. ஒரு பெண் பூச்சி சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகள் போடும், முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குஞ்சாகவே விடும். அதனால் பதினைந்து பெண், நாலு ஆண் தாராளம். முழு இறக்கை இருந்தால் ஆண், தோளில் துண்டு மாதிரிச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆனால் குஞ்சு வளர்ந்து பெரிதாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை இந்தப் பெட்டியில் கையே வைக்காதீர்கள். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான், இரண்டாம் மாதமே பெரிய பெண் பூச்சிகளை எடுத்துத் தவளைக்குப் போட்டுவிட்டு, பூச்சி பெருகவில்லை என்பார்கள்.

உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஓட்டை போட்டு எறும்பு நுழையாத மெல்லிய கம்பி வலை, உள்ளே மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், எச்சம் கீழே விழும். 30 டிகிரிக்கு மேல் இருந்தால் நன்றாகப் பெருகும், சென்னையில் பெரும்பாலான மாதங்களுக்கு ஹீட்டர் தேவைப்படாது. தவளைக்கு அந்தச் சூடு ஆகாது, அதை 25 முதல் 28க்குள் வேறு அறையில் வையுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள், டூபியா தப்பித்தாலும் வீட்டில் பெருகாது என்று எழுதுவார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம், மூடி இறுக்கமாக இருக்கட்டும், மிஞ்சினதைத் தோட்டத்தில் விடவும் கூடாது.

எறும்பு வருகிறதே என்று பெட்டியைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுவிடாதீர்கள். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது, காலையில் திறந்தால் பாதிப் பூச்சிகள் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தன. கொசு மருந்து லிக்விட் போடும் அறையிலும் வைக்கக் கூடாது, இரண்டிலும் இருப்பது பூச்சிக்கொல்லிதானே. பெட்டியை ஸ்டூலில் வைத்து, ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அது போதும்.

பூச்சி தின்பதுதான் கடைசியில் தவளைக்குப் போகிறது. பூச்சிகளில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு, ஆனால் தவளைக்குக் கால்சியம்தான் பாஸ்பரஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் எலும்பு மெலிந்து தாடை ரப்பர் மாதிரி வளையும், பிறகு வாயைத் திறந்து இரை பிடிக்கவே முடியாது. நமக்குக் கீரை பக்கத்திலேயே கிடைக்கிறது: அகத்தியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கால்சியம், முருங்கையும் நல்லதுதான். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவளைக்குப் போடப்போகும் பூச்சிகளை இரண்டு நாள் முன்பே தனி டப்பாவில் எடுத்துக் கீரையும் கேரட்டும் கொடுங்கள். கீரையைக் கழுவி, தண்ணீரில் ஊறவைத்த பிறகே போடுங்கள்.

பிறகு ஒரு டம்ளரில் பூச்சியைப் போட்டு, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் மாவில் புரட்டியது மாதிரி வெள்ளையாகும். உடனே கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் பூச்சி தன்னைத் தானே துடைத்துவிடும். வாரம் ஒரு வேளை இது போதும். இரும்பு இடுக்கி வேண்டாம், பேக்மேன் பாய்ந்து கவ்வும் வேகத்தில் வாய் கிழியும், மூங்கில் இடுக்கி வாங்குங்கள். தவளைப் பெட்டியில் விரித்திருக்கும் தேங்காய்நார்த் தூளோடு சேர்த்து விழுங்காமல் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

மாற்றுச் சாப்பாட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்தது பட்டுப்புழு. மெத்தென்று இருக்கும், கொழுப்பு குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் குட்டிப் புழுவாகவே வாங்கி, மருந்தடிக்காத மல்பெரி இலையில் நீங்களே வளர்த்துக் கொடுங்கள். பண்ணையில் பெரிதான புழு மேல் நோய்த்தடுப்புப் பவுடர் தூவியிருப்பார்கள். இலையில் பூச்சிமருந்து இருந்தால் பெரும்பாலும் புழுவே முதலில் செத்துக் காட்டிவிடும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

டூபியா தயாராகும் வரை, அதாவது அடுத்த ஆறு மாதம், வாங்கின டூபியாவும் மண்புழுவும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். உரக்குழி மண்புழு சிலவற்றின் மேல் மஞ்சளாகக் கசக்கும் திரவம் வரும், தவளை துப்பிவிடும், அதனால் தோட்டத்து மண்ணில் கிடைக்கும் பருத்த மண்புழுவாகப் பார்த்து, உரமும் மருந்தும் படாத இடத்தில் மட்டும் எடுங்கள்.