கனமில்லாத பாறைகள்: கொலு மலையும் குடில் குகையும்

கொலுவுக்கு மலை, கிறிஸ்துமஸ் குடிலுக்குக் குகை, மீன்தொட்டிக்குப் பாறை என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மேடை அரங்கமும் கல்யாண மண்டப அலங்காரமும் என் தொழில். தெர்மாகோல், சாக்கு, காகிதம், பிளாஸ்டர் நான்கும் கைக்குப் பழக்கம். அதற்கு வெளியே போனால் சரியான ஆளைக் கை காட்டிவிடுவேன்.

கும்பகோணம்: கொலுவில் மூன்றடி உயரத்துக்குப் பழநி மலை வைக்க வேண்டும். அடுத்த வருஷமும் எடுத்து வைக்கணும். எதில் செய்யலாம் அண்ணா?

காகிதத்தில் செய்யுங்கள். காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி டேப் ஒட்டி உருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கோழி வலையைப் போர்த்தி, மேடு பள்ளம் வரும்படி கையால் அமுக்குங்கள். மைதாப் பசை காய்ச்சி, செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து நனைத்து நான்கு சுற்று ஒட்டுங்கள். ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து, அடுத்த வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது நாறும். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது நஞ்சு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

கடைசிச் சுற்றுக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் முக்கிப் போர்த்துங்கள். துணி விழும் மடிப்பே பாறை வெடிப்பாக நிற்கும். ஈரம் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவினால் கை வைத்தாலும் கல்லாகவே தெரியும்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். மண் பொம்மை உட்காரும் இடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை உள்ளே முதலிலேயே வைத்துவிடுங்கள். வெறும் காகிதம் குழிந்துவிடும். மலையை இரண்டு பாகமாகச் செய்யுங்கள். முழு மலை செய்து முடித்த பிறகு பரண் வாசலை அளந்து பிரயோஜனமில்லை.

சேலம்: தெர்மாகோல் மலைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். அப்படியே உருகிப் பள்ளமாகிவிட்டது. மட்டமான தெர்மாகோலா?

தெர்மாகோலில் குற்றமில்லை. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் எல்லாம் அப்படித்தான். தண்ணீரில் கரையும் எமல்ஷன் மட்டும் பூசுங்கள். ஸ்பிரேதான் வேண்டுமென்றால், முதலில் ஃபெவிகாலும் மணலும் கலந்து ஓர் இடம் விடாமல் மூடிக் காயவிட்டு, பிறகு தூரத்திலிருந்து அடியுங்கள்.

திருநெல்வேலி: செருப்புக் கடையில் ஒட்டுகிற பசையால் தெர்மாகோலை ஒட்டினேன், ஓட்டை விழுந்தது.

அதே காரணம். ஃபெவிகால் போடுங்கள். ஒரு இரவு பொறுங்கள்.

மதுரை: எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பொம்மைப் பாறை மாதிரியே இருக்கிறது. நிறம் எப்படிக் கொடுப்பது?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிறத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாறையைப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு யானைமலை பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் போனால் கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்தைச் சுற்றி வாருங்கள். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்பக்கம் அது உருண்டையே இல்லை, வெட்டியது போலிருக்கும். நம் கருங்கல் இப்படித்தான், வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாக உரிந்து உருளும், அல்லது வெடிப்போடு நேராகப் பிளக்கும். ஒரு மலையில் வெடிப்புகள் ஒன்றிரண்டு திசையில்தான் ஓடும். நாம் கத்தியை எடுத்து நாலாபக்கமும் கீறிவிடுகிறோம். பொம்மைத்தனம் அங்கேதான் வருகிறது.

இனி நிறம். முதலில் முழுப் பாறைக்கும் கரும்பழுப்பு: எமல்ஷனில் கறுப்பும் பழுப்பும் ஸ்டெயினர் (பெயின்டில் கலக்கும் நிறச்சாறு) விட்டுக் கலக்கிப் பூசுங்கள். காய்ந்ததும் நடுத்தர சாம்பல் நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. மூன்றாவது, வெளிர் சாம்பல். அகலத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் துடைத்து, ஏறக்குறைய வெறும் தூரிகையாக்கி மேடுகளின்மேல் மட்டும் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் கண் இதை நம்பும். கடைசியாக, மிகவும் நீர்த்த கறுப்பை உச்சியிலிருந்து இரண்டு மூன்று இடத்தில் வழியவிடுங்கள். நம் ஊர் மலைகளில் மழைநீர் இறங்கிய கறுப்புத் தாரை பார்த்திருப்பீர்கள், அதுதான்.

வெறும் கறுப்பு, வெறும் வெள்ளை இரண்டையும் நேராகப் பூசாதீர்கள்.

காஞ்சிபுரம்: மலைக்குள் அகல் விளக்கு வைத்தால் அழகாக இருக்குமே?

வேண்டாம். நூறு டிகிரியை நெருங்கும்போதே தெர்மாகோல் இளகிவிடும். பற்றினால் எரிந்தபடியே சொட்டும், கறும்புகை கக்கும். காகிதமும் துணியும் சொல்லவே வேண்டாம். உள்ளே எல்இடி, அகல் விளக்கு தரையில் தள்ளி.

நாகர்கோவில்: குடிலுக்குக் கடையில் பாறை அச்சடித்த பேப்பர் வாங்குகிறோம். அதைவிட நன்றாகச் செய்ய முடியுமா?

முடியும். அந்தப் பழுப்பு பேப்பரில் இருப்பது எந்த நாட்டுப் பாறையும் இல்லை. பெத்லகேம் இருப்பது சுண்ணாம்புப் பாறை மேல். வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், மிருதுவான கல். குகையை அந்த நிறத்தில் செய்து பாருங்கள், உள்ளே ஒரு சின்ன எல்இடி விளக்குக்கே முழுக் குகையும் ஒளிரும்.

தூத்துக்குடி: மன்னிக்கவும் சார், ஒத்துக்கொள்ள முடியவில்லை. தாத்தா காலத்திலிருந்து கருங்குகைதான் கட்டுகிறோம். வெள்ளைக் குகை வைத்தால் குடிலாகவே தெரியாது.

உங்கள் தாத்தா கட்டியது தப்பென்று நான் சொல்லவில்லை ஐயா. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டிதான் வருகிறது, குகை என்ற பேச்சே இல்லை. குகை என்பது இரண்டாம் நூற்றாண்டு எழுத்துகளிலிருந்து வரும் மரபு. 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் கிரெச்சோவில் குடில் அமைத்தபோதும் சுற்றிக் கூடி நின்றவர்கள் இத்தாலிய ஊர்க்காரர்கள்தான். நேப்பிள்ஸ்காரர்கள் தக்கை மரப் பட்டையில் பாறை செய்து, தங்கள் ஊர்க் கடைத்தெருவையே குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். தக்கையும் கனமில்லாத பொருள்தான், இந்தக் கலையில் அவர்கள் நமக்கு முன்னோடிகள்.

தூத்துக்குடி: அப்போ எங்கள் கருங்குகை சரிதானே?

சரி, நம் கருங்கல்லாக இருந்தால். மேலே மதுரைக்குச் சொன்ன மூன்று பூச்சையும் கொடுங்கள். நான் எதிர்ப்பது அந்தப் பேப்பரைத்தான்.

நாகர்கோவில்: எங்கள் பக்கத்து மலையைப் பார்த்தே செய்யலாமா?

தாராளமாக. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு குடிலுக்கு ஒரே வகைப் பாறை. பாதி வெள்ளை, பாதி கறுப்பு வேண்டாம். குடிலுக்குள்ளும் மெழுகுவர்த்தி கூடாது.

திருச்சி: ஸ்பிரே அடித்ததும் தெர்மாகோல் கரைந்துவிட்டது, என்ன காரணம்?

சேலத்துக்குச் சொன்ன பதில்.

கோவை: மீன்தொட்டிக்குத் தெர்மாகோல் பாறை மேல் சிமென்ட் பூசி வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு ஆபத்தைத் தெரிந்துகொண்டு. முதலாவது, மிதப்பு. ஒரு லிட்டர் அளவு தெர்மாகோல் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோ விசையோடு மேலே தள்ளும். ஐந்து லிட்டர் பாறை என்றால் ஐந்து கிலோ. தண்ணீர் விடுவதற்கு முன்பே வெறும் கண்ணாடியில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டி, காடி வாசனை அறவே போகும்வரை காயவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் ஆகாது, மீன்களுக்குத் தீங்கு. இரண்டாவது, புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். தண்ணீரை மாற்றி மாற்றிச் சில வாரம் ஊறவைத்து, பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) நிலையாக நின்ற பிறகே மீன் விடுங்கள். மலாவி சிக்லிட் மீன் கொஞ்சம் தாங்கும், நியான் டெட்ரா மீன் தாங்காது.

ஓசூர்: மொட்டை மாடித் தோட்டத்துக்குக் கனமில்லாத பாறை?

சிமென்ட் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒன்றரை, பெர்லைட் (தோட்டத்துக்குப் போடும் லேசான வெள்ளைப் பொரி மாதிரிக் கல்) ஒன்றரை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு மட்டும் தண்ணீர். மண்ணில் தோண்டிய குழியையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடி மூன்று நான்கு வாரம் விடுங்கள். கையுறை போடாமல் பிசையாதீர்கள். காற்றடிக்கும் மாடி என்றால் அடியில் கம்பி விட்டுக் கட்டுங்கள், கனமில்லாதது பறக்கும்.

வேலூர்: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாறை செய்யக் கற்றுத் தரலாமா டீச்சராக?

தரலாம் டீச்சர். கசக்கிய அலுமினியத் தாளை அச்சாக்கி மெல்லியதாக ஊற்றினால் வெடிப்பெல்லாம் தானே விழும். பிளாஸ்டரைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றினால் கட்டி கட்டும். ஆனால் எந்தப் பிள்ளையும் கையை அதற்குள் அமிழ்த்தி அச்சு எடுக்கவே கூடாது. இறுகும்போது சூடாகும், கெட்டிக் கட்டிக்குள் மாட்டிய விரல் வெந்துபோகும். மிச்சத்தைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.

தஞ்சாவூர்: ஊர்த் திருவிழாவுக்கு ஆள் ஏறி நிற்கும்படி பத்தடிப் பாறை?

ஆள் ஏறுவது என்றால் உள்ளே இரும்புச் சட்டம் வேண்டும். கட்டடப் பொறியாளரைப் பாருங்கள். சட்டம் நின்ற பிறகு மேல்தோலுக்கு என்னிடம் வாருங்கள்.

சென்னை: தெர்மாகோல் மலைக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றலாம்தானே, சின்னதுதான்?

சின்னதும் வேண்டாம். இரண்டடி தள்ளி, மின்விசிறிக் காற்று மலைப் பக்கம் திரும்பாத இடத்தில் வையுங்கள். ஆள் இல்லாத நேரம் அணைத்துவிடுங்கள்.