சரக்கு வியாபாரத்தில் உள்ளடி வேலை: கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் சிவில், வணிக வழக்குகள் நடத்துகிறேன். சப்ளை ஒப்பந்தங்களில் நடக்கும் துரோகம், கூட்டுச் சதி பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

குலசேகரத்துல ரப்பர் ஷீட் வாங்கி விக்கிறேன் சார். லோடு அனுப்புறது, விலை பேசுறது எல்லாம் மேனேஜர்தான். ஒரு வருஷமா ஒரு கடைக்கு மட்டும் கிலோவுக்கு நாலு ரூபா குறைச்சுக் குடுத்திருக்கான். அந்தக் கடை அவன் மச்சான் பேர்ல இருக்குன்னு இப்பதான் தெரியுது. என்ன செய்யலாம்?

மச்சானுக்கு விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டு, நீங்களும் சரி என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். மறைத்ததால்தான் சிக்கல். உங்கள் சார்பில் விலை பேசுபவர் சட்டப்படி உங்கள் ஏஜென்ட். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. ஏஜென்ட் தனக்காகவே வியாபாரம் செய்து முக்கியமான விஷயத்தை மறைத்தால் நீங்கள் அந்த வியாபாரத்தை ஏற்க மறுக்கலாம், அவருக்குக் கிடைத்த லாபத்தையும் கேட்கலாம். வேறொருவர் பெயரில் செய்ததால் அவர் தப்பிவிட முடியாது. அறக்கட்டளைச் சட்டம் 1882, பிரிவு 88-ம் உங்களுக்குக் கைகொடுக்கும். லாபத்தைத் திருப்பிக் கேட்கும்போது உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதுதான் கணக்கு.

இனி ஆதாரம். ரப்பர் போர்டு ஆர்எஸ்எஸ் 4 (புகையில் உலர்த்திய ஷீட்டின் நாலாம் தரம்) ரகத்துக்கு தினமும் கோட்டயம், கொச்சி விலை வெளியிடுகிறது. ஒரு தாளில் உங்கள் பில் தேதி, பக்கத்தில் அன்றைய போர்டு விலை, அதற்குப் பக்கத்தில் நீங்கள் விற்ற விலை என்று எழுதுங்கள். மற்ற பார்ட்டிகளிடம் வித்தியாசம் கூடும், குறையும். மச்சான் கடையில் மட்டும் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அதே நாலு ரூபாய் என்றால் அந்தத் தாளே பாதி வழக்கு. 'ஷீட்டில் பூஞ்சை இருந்தது, ஈரம் இருந்தது, அதனால் குறைத்தேன்' என்று எதிர்த்தரப்பு சொல்லும், எப்போதும் அதைத்தான் சொல்வார்கள். அதே நாளில் அதே குடோனிலிருந்து வேறொருவருக்கு நல்ல விலைக்குப் போன லோடு இருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து ஈ-வே பில் போர்ட்டலில் உங்கள் லாகினில் போய், லாரியில் சரக்கு அனுப்ப எடுத்த ஈ-வே பில்களைத் திறந்து பாருங்கள். பில் மச்சான் கடைக்கு, சரக்கு இறங்கும் இடம் கோட்டயத்தில் ஒரு கம்பெனி என்று இருக்கிறதா? அப்படியானால் லாரி களியக்காவிளை தாண்டி நேரே அங்கே போயிருக்கிறது, நடுவில் ஒரு பில் மட்டும் முளைத்திருக்கிறது.

மச்சானையும் பிரதிவாதியாகச் சேருங்கள். சதிக்கு நேரடி சாட்சி அநேகமாகக் கிடைக்காது. இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்தார்கள் என்று சூழ்நிலையிலிருந்து கோர்ட் முடிவுக்கு வரலாம். கோட்டயம் கம்பெனிக்கு விஷயம் தெரியாது என்றால் அதை வம்புக்கு இழுக்காதீர்கள். நாளைக்கு அதன் பில் புத்தகம் உங்களுக்குச் சாட்சியாக வேண்டும்.

வடசேரியில நேந்திரன் மொத்த வியாபாரம். ஒரு சூப்பர் மார்க்கெட் ஒரு வருஷம் என்கிட்டதான் எடுப்போம்னு எழுதிக் குடுத்துட்டு, பாதியிலேயே இன்னொருத்தர்கிட்ட மாறிட்டாங்க. இது நம்பிக்கை மோசடிதானே?

இல்லை. ஆத்திரம் நியாயம்தான், ஆனால் அவர்கள் உங்கள் காரியத்தைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து விலை பேசியவர்கள். அவரவர் லாபத்தை அவரவர் பார்க்கலாம். இது ஒப்பந்த மீறல், ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேளுங்கள். மீதிப் பழத்தை வேறெங்காவது விற்க முயன்றீர்களா என்றும் கோர்ட் கேட்கும். உங்கள் ஒப்பந்தம் தெரிந்தே அந்த 'இன்னொருத்தர்' அதை உடைக்கத் தூண்டினார் என்று காட்ட முடிந்தால் அவர் மீது தனியாக வழக்கு உண்டு. குறைந்த விலை சொன்னார் என்பது மட்டும் போதாது.

குளச்சல்ல மீன்பிடி போட்டு (படகு) வச்சிருக்கோம். தரகர் முன்பணம் குடுத்திருக்கார், அதனால மீன் முழுக்க அவர் ஏலத்துலதான் போடணும். ஏலத்துல மீன் கூறை வாங்குறது எல்லாம் அவர் ஆள்தான். கேட்டா, கடனை அடைச்சுட்டுப் பேசுங்கறார். வக்கீல் சார், வழி இருக்கா?

இருக்கிறது. கடன் ஒரு கணக்கு, ஏலம் வேறொரு கணக்கு. கடன் கொடுத்தவர் என்ற முறையில் அவர் வட்டியும் முதலும் கேட்கலாம். ஆனால் உங்கள் மீனை உங்களுக்காக விற்றுக் கமிஷன் எடுக்கும் நேரத்தில் அவர் உங்கள் ஏஜென்ட். நீங்கள் கடன்காரர் என்பதற்காக அந்தக் கடமை இல்லாமல் போய்விடாது. தன் பினாமியை விட்டு மலிவாக எடுக்க வைத்தால் குலசேகரத்துக்காரருக்குச் சொன்ன அதே 215, 216 இவருக்கும் பொருந்தும். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்று 213 சொல்கிறது.

நடைமுறையில் தடங்கல் என்னவென்றால், துறைமுகத்தில் எல்லாம் துண்டுச்சீட்டுதான், அதுவும் பென்சிலில். இனி கரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் மீன் வகை, பெட்டி எண்ணிக்கை, ஏலம் போன தொகை, எடுத்தவர் யார் என்று வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். அன்றைக்குப் பக்கத்து ஏலத்தில் அதே மீன் போன விலையையும் எழுதி வையுங்கள். சண்டை வேண்டாம், பதிவு வேண்டும். முன்பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம் அவரிடம் இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ரெண்டு பேர் கூட்டு. பங்காளி மனைவி பேர்ல இன்னொரு கம்பெனி தொடங்கி நம்ம ஆர்டரை அங்க திருப்பிட்டார். கூட்டைப் பதிவு செய்யல.

பங்குதாரர் சட்டம் 1932, பிரிவு 16: வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, கூட்டு வியாபாரத்தோடு போட்டியிட்டுச் சம்பாதித்த லாபத்தை அவர் கூட்டுக்குக் கொடுக்க வேண்டும். பதிவு செய்யாததால் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், கூட்டு நடக்கும்போதே அவர் மீது ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் வழக்கை அதே பிரிவு அனுமதிக்கிறது. உங்களுக்கு அந்த வழிதான். தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் இது வணிகத் தகராறு, அவசரத் தடை உத்தரவு கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும்.

போலீசுக்குப் போனேன், 'இது சிவில் மேட்டர்'னு அனுப்பிட்டாங்க. மனசே வெறுத்துப்போச்சு.

பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். விற்ற சரக்குக்குப் பணம் வராதது நம்பிக்கை மோசடி ஆகாது. விற்றபின் சரக்கு வாங்கியவருடையது, நீங்கள் எதையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரே சம்பவத்துக்கு ஏமாற்று, நம்பிக்கை மோசடி இரண்டையும் சேர்த்துப் போட முடியாது என்றும் சொன்னது. நம் ஊரில் புகார் எழுதுபவர்கள் இரண்டையும் போட்டு, கூடவே சதியையும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு முதல் பக்கத்திலேயே சந்தேகம் வந்துவிடும்.

உங்கள் பணமோ சரக்கோ ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்டு அவர் எடுத்துக்கொண்டார் என்றால் அது வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 316(4), ஏழு வருடம் வரை தண்டனை. சதிக்கு 61. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான்.

மேனேஜர் போன்ல உள்ள சாட்டை எடுத்து ஆதாரமா வைக்கலாமா அண்ணா?

அவருடைய சொந்தப் போனை எடுத்து நோண்டாதீர்கள், நீங்களே வழக்கில் மாட்டுவீர்கள். உங்களுக்கு வந்த மெசேஜ், கடைக் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் போதும். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் ஆகாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதுவரை போனை மாற்றாதீர்கள், பழைய சாட்டை அழிக்காதீர்கள்.

நடந்து நாலு வருஷம் ஆச்சு, போன மாசம்தான் தெரிஞ்சுது. காலம் கடந்துட்டா?

பொதுவாக மூன்று வருடம். மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால் தெரிந்த நாளிலிருந்து, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணலாம் என்கிறது காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 17. அந்த இரண்டாவது பாதியில்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும்: வருடா வருடம் ஆடிட்டர் கணக்கில் கையெழுத்துப் போட்டீர்களே, அப்போது பார்க்கவில்லையா என்று. எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், எந்தத் தேதி என்பதை இன்றைக்கே எழுதி, அந்தக் காகிதங்களோடு ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புங்கள்.