வாசகர் கேள்வி – பதில்: டைபோலின் தடிமன்

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 1.034 மீட்டர். 20 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாயில் அதே நீளத்துக்கு டைபோல் ஆன்டெனா (நடுவில் பிரித்துக் கேபிள் இணைக்கும் நேர் ஆன்டெனா) செய்தேன். ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இசையும் அதிர்வெண்) 136 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. கணக்கில் எங்கே பிழை?

பதில்: பெருக்கல், வகுத்தலில் பிழையில்லை. குழாயின் தடிமனைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. மிக மெல்லிய கம்பியே ஆனாலும், சரியாக அரை அலைநீளத்தில் 73 ஓம் ரெசிஸ்டன்ஸோடு 42.5 ஓம் இண்டக்டிவ் ரியாக்டன்ஸும் (கம்பிச்சுருள்போல் மின்னோட்டத்தைப் பின்தங்கவைக்கும் எதிர்ப்பு) நிற்கும். ஒத்ததிர்வில் அது பூஜ்யமாக வேண்டும்; அதைப் போக்கத்தான் நீளத்தைக் குறைக்கிறோம். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் தடிமன் நுழைகிறது. ஸ்வீடன் இயற்பியலாளர் ஹாலன், ஆன்டெனாவில் ஓடும் மின்னோட்டத்துக்காக 1938-ல் எழுதிய தொகையீட்டுச் சமன்பாட்டின் தீர்வில் ஆரம் மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தடிமன் பத்து மடங்கானாலும் விளைவு பத்து மடங்காவதில்லை.

பட்டறைக்கு இந்தத் தோராயம் போதும். முழு நீளத்தை ஆரத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 1 கழித்து, 120-ஆல் பெருக்குங்கள். 27-ஐ அந்த விடையால் வகுத்தால் குறைக்க வேண்டிய பங்கு வரும். 2 மி.மீ. விட்டமுள்ள கம்பிக்கு விடை 713 ஓம், குறைப்பு 3.8 சதவீதம். உங்கள் குழாய்க்கு 437 ஓம், 6.2 சதவீதம். அதாவது நடு இடைவெளியையும் சேர்த்து சுமார் 97 செ.மீ.

எடுத்தவுடன் 97-க்கு வெட்டிவிடாதீர்கள். 99-ல் தொடங்கி, இரு முனையிலும் சமமாக 3 மி.மீ. அறுத்து அறுத்து அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒத்ததிர்வு ஏறக்குறைய 0.9 மெகாஹெர்ட்ஸ் மேலேறும். கேபிளைக் கையால் பிடித்ததும் மீட்டர் முள் நகர்ந்தால், கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடுகிறது. முதலில் பாலன் (அந்த வெளியுறை மின்னோட்டத்தைத் தடுக்கும் இணைப்பு) போடுங்கள். அதுவரை எந்த அளவையும் நம்ப முடியாது.

தடித்த குழாயில் ஒரு லாபம் உண்டு. அதிர்வெண் 1 சதவீதம் விலகினால் மெல்லிய கம்பியில் ரியாக்டன்ஸ் 11 ஓம் மாறும், இதில் 7 ஓம்தான். பட்டை அகலம், அதாவது ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் வரம்பு, கூடுகிறது.

கேள்வி: இதே ஆன்டெனாவைக் கணினியில் 100 துண்டுகளாகப் பிரித்தேன். முனைகளில் மின்னோட்டம் கூட்டல், கழித்தல் என மாறி மாறித் துள்ளுகிறது. துண்டுகளைக் கூட்டினால் துல்லியம் கூட வேண்டாமா?

பதில்: இங்கே துல்லியம் கூடுவதில்லை. இத்தகைய கணினிக் கணக்கில் வரும் மெல்லிய கம்பி முறை, மின்னோட்டம் குழாயின் அச்சில் ஓடுவதாக வைத்து, மின்புலத்தை மேற்பரப்பில் பொருத்துகிறது. அந்தச் சமன்பாட்டுக்கு உண்மையில் தீர்வே கிடையாது. துண்டுகள் குறைவாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது. உங்கள் துண்டு 9.7 மி.மீ., ஆரமோ 10 மி.மீ. துண்டு ஆரத்தைப்போல் எட்டு மடங்காவது இருக்கட்டும், அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 11 துண்டுகள் போதும். ஒற்றைப்படை என்பதால் மின்னூட்டும் இடம் சரியாக நடுத்துண்டில் விழும்.